71 பேர் வகுப்பில் நான் கவனிக்காத ஒரு சிறுமி

ஜூன் முதல் வாரம் வந்தால் இன்றைக்கும் எனக்குக் காலை நாலரை மணிக்கே விழிப்பு வந்துவிடுகிறது. ஓய்வு பெற்று ஒரு வருடம் ஆகிறது. ஆனாலும் சேர்க்கைப் பதிவேடு எங்கே, ஆதார் நகல் வாங்கியாச்சா, வாசலில் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று மனசு பாட்டுக்குக் கணக்குப் போட ஆரம்பித்துவிடும். என் கணவர் சிரிப்பார். "இன்னும் ஸ்கூலை விட்டு வரலையா நீ?" என்பார்.

வரவில்லைதான். ஒரு சிறுமியின் முகம் என்னை விடவில்லை. அவளைப் பற்றித்தான் எழுத நினைத்தேன். ஆனால் அவளைப் பற்றி எழுத வேண்டுமென்றால், எங்கள் ஊருக்கு இரண்டாவது பள்ளி எப்படி வந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

காஞ்சிபுரம் மாவட்டத்தில் ஒரகடத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது அந்த ஊர். அங்கே ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் 14 ஆண்டுகள் தலைமை ஆசிரியையாக இருந்தேன். 2011-ல் நான் போய்ச் சேர்ந்தபோது மொத்தமே 84 பிள்ளைகள். அப்போது எங்கள் கவலையே வேறு. பிள்ளைகள் இன்னும் குறைந்தால் பள்ளியை மூடிவிடுவார்களோ என்று பயம். மே மாத வெயிலில் வீடு வீடாகப் போய், "உங்க பிள்ளையை எங்ககிட்ட அனுப்புங்கம்மா" என்று கேட்டிருக்கிறோம். வாசலில் மஞ்சள் வேன் வந்து நிற்கிற பள்ளிதான் நல்ல பள்ளி என்று ஊரே நம்பிய காலம்.

பிறகு ஊர் மாறியது. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கமெல்லாம் கார் கம்பெனிகளும் உதிரி பாகக் கம்பெனிகளும் வந்தன. நெல் விளைந்த வயல்கள் மனைகளாயின. மனைகளில் லைன் வீடுகள் முளைத்தன. ஓர் அறை, அதற்குள்ளேயே ஒரு சமையல் மேடை, வெளியே பொதுக் குளியலறை. திருவண்ணாமலை, விழுப்புரம், தர்மபுரியிலிருந்து குடும்பங்கள் வந்தன. கொஞ்ச நாளில் பீகார், ஒடிசாக்காரர்களும் வந்தார்கள். எல்லோருக்கும் பிள்ளைகள் இருந்தார்கள்.

அதற்குப் பிறகு கொரோனா. வேலை போனவர்கள், சம்பளம் பாதியானவர்கள், தனியார் பள்ளிக் கட்டணம் கட்ட முடியாதவர்கள் எல்லோரும் அரசுப் பள்ளியைத் தேடி வந்தார்கள். 2021-ல் தமிழகம் முழுக்கவே அரசுப் பள்ளிகளில் சேர்க்கை கூடியது. எங்கள் பள்ளியில் 2022 ஜூனில் எண்ணிக்கை 312.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. வட்டாரத்தில் அதிகச் சேர்க்கை என்று ஒரு கூட்டத்தில் சால்வை போர்த்தினார்கள். அந்தப் புகைப்படத்தை வீட்டு ஹாலில் மாட்டினேன். "இடம் இல்லைன்னு மட்டும் சொல்லிடாதீங்க டீச்சர்" என்று கையெடுத்துக் கும்பிட்ட ஒரு தகப்பனைக்கூட நான் திருப்பி அனுப்பியதில்லை. அனுப்பவும் கூடாது. சட்டமும் அதைத்தான் சொல்கிறது, மனசாட்சியும் அதைத்தான் சொல்கிறது.

ஆனால் 312 பேரை எங்கே உட்கார வைப்பது?

எங்கள் பள்ளியில் ஒரு காலத்தில் கூரைக் கொட்டகை ஒன்று இருந்ததாம். கும்பகோணத்தில் 2004 ஜூலை 16 அன்று பள்ளிக் கூரையில் தீப்பிடித்து 94 குழந்தைகள் கருகிப் போனார்களே, அதற்குப் பிறகு தமிழ்நாடு முழுக்கப் பள்ளிக் கூரைகளைப் பிரித்தார்கள். எங்கள் கொட்டகையும் அப்போது போனது. மிச்சம் இருந்தது நான்கு அறைகள் கொண்ட கான்கிரீட் கட்டடமும், பழைய நீள ஓட்டுக் கட்டடமும்.

2021 டிசம்பரில் திருநெல்வேலியில் ஒரு பள்ளியின் கழிப்பறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் இறந்தார்கள். உடனே மாநிலம் முழுக்கப் பள்ளிக் கட்டடங்களை ஆய்வு செய்து, பலவீனமானவற்றை இடித்தார்கள். எங்கள் ஓட்டுக் கட்டடத்தின் சுவரில் கை நுழைகிற அளவுக்கு விரிசல். அதுவும் இடிந்தது.

இரண்டுமே சரியான முடிவுகள். பிள்ளைகளின் உயிருக்கு மேல் எதுவும் இல்லை. ஆனால் பிள்ளைகள் பெருகிக்கொண்டே போனபோது எங்கள் இடம் சுருங்கிக்கொண்டே போனது. நான்கு அறை, ஐந்து வகுப்பு. முதல் வகுப்பில் 68 பேர், இரண்டாம் வகுப்பில் 71, மூன்றாம் வகுப்பில் 64, நான்காம் வகுப்பில் 57. ஐந்தாம் வகுப்பின் 52 பேர் புங்க மரத்தடியில். மழை வந்தால் அவர்கள் பையைத் தலையில் வைத்துக்கொண்டு சத்துணவுக் கூடத்துக்கு ஓடுவார்கள். அங்கே சாம்பார் கொதிக்கிற வாசனையில் வகுத்தல் கணக்கு நடக்கும்.

கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கிறது. தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை 2 ஆசிரியர்கள், 200 பிள்ளைகள் வரை 5 ஆசிரியர்கள், அதற்கு மேல் போனால் ஓர் ஆசிரியருக்கு 40 பேருக்கு மேல் கூடாது, ஒவ்வோர் ஆசிரியருக்கும் ஒரு வகுப்பறையாவது வேண்டும் என்கிறது அந்தச் சட்டம். அந்தக் கணக்குப்படி, தலைமை ஆசிரியரைச் சேர்க்காமல் எங்களுக்கு 8 ஆசிரியர்கள், 8 அறைகள் வேண்டும். இருந்தது 5 பேர். அதிலும் இரண்டாம் வகுப்பு ஆசிரியை மகப்பேறு விடுப்பில் போய்விட்டார். அந்த வகுப்பை நான் எடுத்துக்கொண்டேன்.

71 பேர் இருக்கிற வகுப்பில் எப்படிப் பாடம் நடக்கும் தெரியுமா? தனித்தனியாகக் கேட்க முடியாது. ஆளுக்கு ஒரு நிமிடம் கொடுத்தாலே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிடும். அதனால் எல்லோரும் சேர்ந்து உரக்கச் சொல்ல வேண்டும். நான் ஒரு வரி சொல்வேன், 71 குரல்கள் திருப்பிச் சொல்லும். வெளியிலிருந்து கேட்பவர்களுக்கு, "அடடா, பிள்ளைங்க எவ்ளோ நல்லா படிக்குதுங்க!" என்று தோன்றும். யார் சொல்கிறார்கள், யார் வெறுமனே வாயசைக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. நோட்டுத் திருத்தும்போதும் அப்படித்தான். கரும்பலகையில் இருப்பதைப் பார்த்து எழுதியிருந்தால் ஒரு டிக். அடுத்த நோட்டு.

அந்தச் சிறுமி மூன்றாவது வரிசையில் சுவர் ஓரமாக உட்காருவாள். தர்மபுரிப் பக்கத்திலிருந்து வந்த குடும்பம். அப்பாவும் அம்மாவும் ஒப்பந்தத் தொழிலாளர்கள். அவள் அழ மாட்டாள், சண்டை போட மாட்டாள், பக்கத்துப் பிள்ளையைக் கிள்ள மாட்டாள். கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். அத்தனை பேரைச் சமாளிக்கிற ஒருத்திக்கு இப்படி ஒரு குழந்தை வரம். "அவளைப் பாருங்க, எவ்ளோ சமத்தா உக்காந்திருக்கா" என்று மற்றவர்களுக்கு உதாரணம் காட்டியிருக்கிறேன்.

2022 நவம்பரில் ஒரு நாள் மதியம், சாப்பாடு முடிந்து தட்டுக் கழுவுகிற நேரம். எங்கள் சத்துணவு ஆயா என் அறை வாசலில் வந்து நின்றார்.

"பெரிய டீச்சர், ஒண்ணு சொன்னா தப்பா எடுத்துக்கக் கூடாது."

"சொல்லுங்க ஆயா."

"அந்த தர்மபுரிப் பொண்ணுக்குக் காது கேக்கல டீச்சர். முட்டை வாங்கிக்கோன்னு பின்னாலேருந்து கூப்பிட்டா திரும்பவே மாட்டேங்குது. முன்னால போய் நின்னாதான் வாயைப் பாத்துட்டுக் கையை நீட்டுது. நானும் நாலு நாளா பாக்கறேன்."

நான் எழுந்து போனேன். அவள் குழாயடியில் தட்டுக் கழுவிக்கொண்டிருந்தாள். பின்னால் நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். திரும்பவில்லை. இன்னும் சத்தமாகக் கூப்பிட்டேன். பக்கத்தில் இருந்த நான்கு பிள்ளைகள் திரும்பின. அவள் மட்டும் தட்டைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

அந்த வருடம் நடமாடும் மருத்துவக் குழு பள்ளிக்கு வந்த அன்றைக்கு அவள் லீவு. மறுபடி அவர்களைத் தொடர்புகொண்டு, அரசு மருத்துவமனைக்கு அனுப்பினோம். இரண்டு காதிலும் நாள்பட்ட சீழ். இடது செவிப்பறையில் ஓட்டை. வலது காதில் கொஞ்சம் கேட்கிறது. குழந்தைகளுக்குச் சாதாரணமாக வருகிற தொந்தரவுதான், முன்பே கவனித்திருந்தால் இவ்வளவு தூரம் போயிருக்காது என்றார் டாக்டர். அவள் அம்மா என்னைத் திட்டவில்லை. "நாங்களும் கவனிக்கல டீச்சர், ஷிஃப்ட்டு முடிஞ்சு வந்தா அது தூங்கிடும்" என்று அழுதார். அவர் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

அவள் எங்கள் பள்ளிக்கு வந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. அதில் ஐந்து மாதம் என் கையில். தினமும் அவள் பெயரை வாசித்து வருகையைக் குறித்திருக்கிறேன். முன்னால் இருக்கிற பெண் எழுந்தால் அடுத்தது தன் முறை என்று தெரிந்து வைத்துக்கொண்டு எழுந்திருக்கிறாள் அந்தக் குழந்தை. அவளுக்கு நான் சொன்ன ஒரு கதைகூடக் கேட்டிருக்காது. நான் அவளைச் சமத்து என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அன்றைக்கு இரவு அந்தச் சால்வைப் புகைப்படத்தைக் கழற்றி அலமாரியில் வைத்தேன். 312 என்ற எண் என் பெருமை இல்லை என்று புரிந்தது. எங்கள் ஊருக்கு இன்னொரு பள்ளி வேண்டும்.

பலரும் கேட்டார்கள், இருக்கிற கட்டடத்தின் மேலேயே மாடி கட்டினால் என்ன என்று. பொறியாளர் வந்து பார்த்தார். மாடியைத் தாங்குகிற மாதிரி அஸ்திவாரம் போடவில்லை என்று சொல்லிவிட்டார். ஓட்டுக் கட்டடம் இருந்த இடத்தில் இரண்டு அறை கட்டலாம். கட்டினால் பிள்ளைகள் ஓடி விளையாட இருக்கிற கொஞ்ச இடமும் போய்விடும்.

இன்னொரு விஷயமும் இருந்தது. எங்கள் ஊரை இரண்டாகப் பிரிக்கிறது ஒரு பெரிய சாலை. முன்பு மாட்டு வண்டி போன சாலை, இப்போது கன்டெய்னர் லாரி போகிறது. லைன் வீடுகளும் புது நகர்களும் பெரும்பாலும் சாலைக்கு அந்தப் பக்கம், பள்ளி இந்தப் பக்கம். தினமும் காலையும் மாலையும் எங்கள் ஆசிரியைகள் இரண்டு பேர் கையை நீட்டி லாரிகளை நிறுத்திப் பிள்ளைகளைக் கடக்க வைப்பார்கள். தொடக்கப் பள்ளி ஒரு கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. தூரம் மட்டும் பார்த்தால் போதாது, நடுவில் என்ன ஓடுகிறது என்றும் பார்க்க வேண்டும். அந்தப் பக்கமே ஒரு பள்ளி வேண்டும் என்று முடிவு செய்தோம்.

2022-ல்தான் பள்ளி மேலாண்மைக் குழுக்களைப் புதிதாக அமைத்திருந்தார்கள். 20 உறுப்பினர்களில் 15 பேர் பெற்றோர். எங்கள் குழுத் தலைவி ஒரு கம்பெனி கேன்டீனில் வேலை பார்ப்பவர், பத்தாவது வரை படித்தவர். குழுவில் தீர்மானம் போட்டுவிட்டு இருவரும் இடம் தேடிக் கிளம்பினோம். கிராம நிர்வாக அலுவலரிடம் போய் வரைபடத்தை விரித்துப் பார்த்தோம்.

ஏரிக்கரையை ஒட்டி நல்ல இடம் இருந்தது. நீர்நிலைப் புறம்போக்கு, தொடக் கூடாது. மனைப்பிரிவில் காலியாக ஓர் இடம். அது பூங்காவுக்கும் விளையாட்டுக்கும் என்று ஒதுக்கியது, அதில் பள்ளி கட்ட முடியாது. மிச்சம் இருந்தது களத்துமேடு. ஊர் பொதுக் களம், 62 சென்ட். ஒரு காலத்தில் நெல் அடித்த இடம். இப்போது சாயங்காலம் பையன்கள் வாலிபால் ஆடுவார்கள், திருவிழாவில் நாடகம் நடக்கும்.

2023 ஜனவரி 26, கிராம சபை. களத்துமேட்டைப் பள்ளிக்குக் கேட்டு நான் பேசி முடிப்பதற்குள் சத்தம் எழுந்தது.

"எங்க பாட்டன் முப்பாட்டன் களம் டீச்சர் அது. நேத்து வந்தவங்களுக்குத் தூக்கிக் கொடுக்கணுமா?"

"இன்னும் ரெண்டு வருசத்துல வீட்டைக் காலி பண்ணிட்டுப் போயிடுவாங்க. அவங்களுக்கு எதுக்குப் பள்ளிக்கூடம்?"

வாலிபால் பையன்கள் ஒரு பக்கம் முறைத்துக்கொண்டு நின்றார்கள். எனக்குப் பதில் வரவில்லை. அப்போது பின் வரிசையில் இருந்து ஒரு பெரியவர் எழுந்தார். எண்பது வயதிருக்கும். எங்கள் பள்ளியின் பழைய வெண்கல மணியில் அவருடைய அப்பாவின் பெயர் பொறித்திருக்கும்.

அந்த மணிக்கு ஒரு கதை உண்டு. காமராஜர் முதல்வராகவும் நெ.து.சுந்தரவடிவேலு கல்வி இயக்குநராகவும் இருந்த காலத்தில் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடந்தன. முதல் மாநாடு 1958-ல் கடம்பத்தூரில். அரசாங்கத்திடம் பணம் இல்லை, ஊரார் கொடுங்கள் என்று கேட்டார்கள். பெஞ்சு, கரும்பலகை, கடிகாரம், நிலம், சீருடை என்று அவரவரால் முடிந்ததைக் கொடுத்தார்கள் ஜனங்கள். எங்கள் பகுதியில் நடந்த மாநாட்டில் கொடுத்ததுதான் அந்த மணி.

பெரியவர் கம்பை ஊன்றிக்கொண்டு சொன்னார்: "இந்தக் களத்துல கடைசியா நெல்லு அடிச்சது யாருன்னு சொல்லுங்கடா பாப்பம். பதினஞ்சு வருசம் ஆச்சு. வயலையே வித்துட்டோம், களம் எதுக்கு? அந்த மனையை வாங்கினவன், அதுல குடியிருக்கிறவன் கொடுக்கிற வாடகை, அதுலதானே ஊர்ல பாதி வீட்டுல அடுப்பு எரியுது? எங்கப்பா மணி கொடுத்தப்ப எந்தப் பிள்ளைக்குன்னு கேக்கல."

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு பையன்களோடு ஓர் ஒப்பந்தம் ஆனது. பள்ளி நேரம் போக மற்ற நேரங்களில் மைதானத்தின் கதவு அவர்களுக்குத் திறந்திருக்கும். வாலிபால் கம்பத்தைப் பிடுங்கக் கூடாது. தீர்மானம் நிறைவேறியது.

அதோடு முடிந்தது என்று நினைத்தேன். அதற்குப் பிறகுதான் ஆரம்பம். நிலத்தின் வகைப்பாட்டை மாற்ற வேண்டும், அளந்து எல்லைக்கல் நட வேண்டும். பள்ளிக்கு அனுமதி, கட்டடத்துக்கு நிதி, ஆசிரியர் பணியிடத்துக்கு ஒப்புதல். ஒவ்வொன்றுக்கும் ஒரு கோப்பு, ஒவ்வொரு கோப்புக்கும் நான்கு மேசை. யாரையும் குறை சொல்ல நான் வரவில்லை. நல்ல மனிதர்களும் இருந்தார்கள், கோப்பைக் காணோம் என்றவர்களும் இருந்தார்கள். தலைவி தன் வாராந்திர விடுமுறை நாளையெல்லாம் அலுவலக வராந்தாவில் கழித்தார்.

2024 ஜனவரியில் ஒரு நாள் நாங்கள் சோர்ந்துபோய் உட்கார்ந்திருந்தபோது பெரியவர் செய்தித்தாளோடு வந்தார். மதுரை கொடிக்குளத்தில் ஆயி பூரணம் அம்மாள், மறைந்த மகளின் நினைவாகத் தன் 1 ஏக்கர் 52 சென்ட் நிலத்தை அரசுப் பள்ளிக்குத் தானமாகக் கொடுத்த செய்தி. கோடிக்கணக்கில் மதிப்புள்ள நிலம். "பாரு டீச்சர், ஒத்தைப் பொம்பளை சொந்த நிலத்தையே கொடுத்திருக்கு. நாம பொதுக் களத்தைக் கொடுத்துட்டு ஒரு வருசமா மூச்சு விடறோம்" என்றார். சிரித்தோம். மறுபடி எழுந்து நடந்தோம்.

ஒருவழியாகக் கட்டடம் எழுந்தது. சுற்றுச்சுவரும் குடிநீர் வசதியும் பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றின் உதவியில் வந்தன. அப்போதுதான் உண்மையான சோதனை வந்தது. யார் அங்கே போவது, யார் இங்கே இருப்பது?

குழுக் கூட்டத்தில் ஒருவர் மெதுவாகச் சொன்னார்: "லைன் வீட்டுப் பிள்ளைங்களை எல்லாம் அங்க அனுப்பிடலாம் டீச்சர். இந்திக்காரப் பிள்ளைங்களும் அங்கயே போயிடட்டும். நம்ம ஊர்ப் பிள்ளைங்க இங்க நிம்மதியாப் படிக்கும்." பலர் தலையாட்டினார்கள்.

உண்மையைச் சொல்கிறேன், ஒரு கணம் எனக்கும் அது சுலபமான வழியாகத் தோன்றியது. யாரும் சண்டைக்கு வர மாட்டார்கள். ஆனால் ஊர் என்றும் காலனி என்றும் ஏற்கெனவே பிரிந்து கிடக்கிற இடம் அது. எங்கள் பள்ளியில்தான் எல்லாப் பிள்ளைகளும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். அதற்காகவே அந்தப் பள்ளி இருந்தது என்றுகூடச் சொல்லலாம். இப்போது நானே கையெழுத்துப் போட்டு, நம்ம பிள்ளை பள்ளி, வந்தவன் பிள்ளை பள்ளி என்று இரண்டு செய்வதா?

"ஆளைப் பாத்துப் பிரிக்க வேண்டாம், சாலையைப் பாத்துப் பிரிப்போம்" என்றேன். சாலைக்கு அந்தப் பக்கம் வீடு இருந்தால் அந்தப் பள்ளி, இந்தப் பக்கம் இருந்தால் இந்தப் பள்ளி. எந்த வீட்டுப் பிள்ளையாக இருந்தாலும் சரி.

அப்படிப் பிரித்தால் பழைய ஊர்க் குடும்பங்களின் பிள்ளைகள் 23 பேர் அந்தப் பக்கம் போக வேண்டியிருந்தது. "எங்க தாத்தா காலத்துலேருந்து இந்தப் பள்ளிக்கூடம்தான்" என்று வாதாடினார்கள். அப்போது தலைவி பேனாவை எடுத்து என்னிடம் நீட்டினார். அவர் வீடும் அந்தப் பக்கம்தான், மகன் நான்காம் வகுப்பு. "முதல் பேரா என் பையன் பேரை எழுதுங்க டீச்சர்" என்றார். அதற்குப் பிறகு யாராலும் பேச முடியவில்லை.

2025 மே மாதம் நான் ஓய்வு பெற்றேன். ஜூன் 2 அன்று பள்ளிகள் திறந்தன. புதுப் பள்ளித் திறப்புக்கு என்னையும் அழைத்திருந்தார்கள். அங்கே 155 பேர், பழைய பள்ளியில் 186 பேர். புங்க மரத்தடியில் இருந்த ஐந்தாம் வகுப்புக்கு முதல் முறையாகக் கதவும் ஜன்னலும் கிடைத்தன.

புதுப் பள்ளியில் ஒரு வகுப்பறை வாசலில் கொஞ்ச நேரம் நின்றேன். 31 பேர். இளம் ஆசிரியை ஒருவர் ஒவ்வொரு பிள்ளையையும் பக்கத்தில் கூப்பிட்டு உட்கார வைத்துப் படிக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். தமிழ் தெரியாத ஒரு பையன், படத்தைக் காட்டி அவன் பாஷையில் ஏதோ சொன்னான். அவர் அந்த வார்த்தையைத் திருப்பிச் சொல்லிப் பார்த்துச் சிரித்தார். வகுப்பு அமைதியாக இருந்தது. மெதுவாகப் பேசினாலே கேட்டது.

என் கண் சுவர் ஓரமாக ஒரு முகத்தைத் தேடியது. அவள் அங்கே இல்லை. இருக்க மாட்டாள் என்று எனக்குத் தெரியும்.

2024 மே மாதமே அவள் அப்பாவின் ஒப்பந்தம் முடிந்துவிட்டது. வேலை தேடி ஓசூருக்குப் போனார்கள். மாற்றுச் சான்றிதழ் வாங்க வந்த அன்று, மருத்துவமனைச் சீட்டுகளை ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு அவள் அம்மாவிடம் கொடுத்து, புதுப் பள்ளி டீச்சரிடம் இதை முதல் நாளே காட்டச் சொன்னேன். முன் வரிசையில், வலது காது டீச்சர் பக்கம் வருகிற மாதிரி உட்கார வைக்கச் சொல்லி ஒரு கடிதமும் எழுதினேன். சிகிச்சையில் அவளுக்கு இப்போது ஓரளவு கேட்டது. போகும்போது நான் பின்னால் இருந்து கூப்பிட்டேன். திரும்பிப் பார்த்துக் கையை ஆட்டினாள்.

அவளுக்காகத்தான் அந்தப் பள்ளியை நான் கேட்க ஆரம்பித்தேன். அவள் அதில் ஒரு நாள்கூட உட்காரவில்லை. ஒரு பள்ளியைக் கேட்டு வாங்கித் திறக்க எங்களுக்கு இரண்டரை ஆண்டு ஆனது. அதற்குள் ஒரு குழந்தைக்கு இரண்டு வகுப்பு முடிந்துவிடுகிறது. பெரியவர்களுக்கு அது ஒரு கோப்பின் வயது. இரண்டாம் வகுப்புப் பிள்ளைக்கு அது எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றுக்கொள்கிற காலம்.

அதனால்தான் இதை எழுதுகிறேன். உங்கள் ஊரும் வளர்ந்துகொண்டிருக்கலாம். புது நகர், புது அடுக்குமாடி, புதுத் தொழிற்பேட்டை வரும்போதே பள்ளிக்கும் இடம் கேளுங்கள். வீடெல்லாம் கட்டிய பிறகு தேடினால் கிடைக்காது. கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. பள்ளி மேலாண்மைக் குழுவில் நீங்களும் உறுப்பினராகலாம்.

அதெல்லாம் பிறகு. இன்றைக்கு ராத்திரி சாப்பிடும்போது உங்கள் பிள்ளையிடம் இரண்டு கேள்வி மட்டும் கேளுங்கள். "உங்க கிளாஸ்ல மொத்தம் எத்தனை பேரு? இந்த வாரம் டீச்சர் உன்கிட்ட தனியா என்ன பேசினாங்க?"

இரண்டாவது கேள்விக்குப் பதில் வரவில்லை என்றால் டீச்சரைக் கோபிக்காதீர்கள். முதல் கேள்விக்கு என்ன பதில் வந்தது என்று பாருங்கள்.